பிரிந்து சேர்ந்த குழுக்களின் மீள்வருகை ஆல்பங்கள்: நான்கில் ஒன்றை மட்டும் வாங்குவதென்றால் எது?

பல ஆண்டுகள் பிரிந்திருந்த பாப் ராக் குழு ஒன்று மீண்டும் கூடி ஆல்பம் வெளியிடும்போது, பழைய ரசிகரின் மனத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு ஆசைகள் எழுகின்றன. அந்தப் பழைய குரல்கள் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் பழைய பாட்டையே வேறு சொற்களில் பாடி ஏமாற்றிவிடவும் கூடாது. எம்டிவியைப் பார்த்து வளர்ந்து இப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இந்த இழுபறியிலிருந்துதான் பிறக்கிறது: "மீள்வருகை ஆல்பங்களில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?" கேட்பவர்களின் பட்டியலில் பெரும்பாலும் நான்கு பெயர்கள் இருக்கின்றன. பிளிங்க்-182 குழுவின் 'நெய்பர்ஹூட்ஸ்', அதே குழு இரண்டாம் முறை கூடியபோது வந்த 'ஒன் மோர் டைம்', ஃபால் அவுட் பாயின் 'சேவ் ராக் அண்ட் ரோல்', நோ டவுட்டின் 'புஷ் அண்ட் ஷவ்' ஆகியவையே அவை.

இவற்றில் மூன்று குழுக்கள்தான் உண்டு என்பதையும், ஒரு குழு இருமுறை வந்து நிற்கிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஒரே மூவர் இருமுறை பிரிந்து இருமுறை சேர்ந்து இரண்டு ஆல்பங்களைத் தந்திருப்பதால், மீள்வருகை எப்போது கைகூடுகிறது, எப்போது கைநழுவுகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பிரிவுக்குக் காரணமான மனக்கசப்பைப் பேசித் தீர்த்துவிட்டுப் பதிவுக்கு உட்கார்ந்தார்களா, அல்லது தீர்க்காமலே உட்கார்ந்தார்களா என்பது. இது வம்பளப்புக்கான கேள்வி அல்ல. பாட்டில் காதால் கேட்கக்கூடிய விஷயம். இரண்டு பாடகர்கள் உள்ள ஒரு குழுவில் ஒருவர் முடிக்கும் இடத்தில் மற்றவர் எப்படி நுழைகிறார் என்று கவனித்தாலே போதும். மற்ற அளவுகோல்களை இதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன்.

இரண்டாவது, பழைய ஒலியோடு அந்த ஆல்பத்துக்கு என்ன உறவு என்பது. மூன்றாவது, குழுவின் முன்கதை தெரியாதவருக்கும் அது தனித்து நிற்குமா என்பது. நான்காவது மறைமுகச் செலவு. சாதாரணப் பதிப்பை வாங்கியபின் கூடுதல் பாடல்களுக்காக இன்னொரு பதிப்பைத் தேட வேண்டிவருமா, வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது ஒலிக்கவிட முடியுமா, ஆல்பம் புரிவதற்காகவே வேறு மூன்று ஆல்பங்களைக் கேட்க வேண்டியிருக்குமா என்பவை எல்லாம் இதில் அடங்கும்.

விற்பனைத் தரவரிசையை அளவுகோலாக வைக்கவில்லை. மீள்வருகை ஆல்பத்தின் முதல் வார விற்பனை பெரும்பாலும் பழைய அன்பின் அளவைத்தான் காட்டுமே தவிர, புதிய பாட்டின் தரத்தை அல்ல. ஆயினும் தகவலுக்காக அட்டவணையில் சேர்த்திருக்கிறேன்.

| ஆல்பம் | வெளியீடு | இதே அணியின் முந்தைய ஆல்பம் | பாடல்கள் | அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பத் தரவரிசையில் நுழைந்த இடம் |
|---|---|---|---|---|
| நெய்பர்ஹூட்ஸ் | செப்டம்பர் 2011 | 2003 | 10 (கூடுதல் பாடல்கள் கொண்ட டீலக்ஸ் பதிப்பில் 14) | 2 |
| புஷ் அண்ட் ஷவ் | செப்டம்பர் 2012 | 2001 | 11 | 3 |
| சேவ் ராக் அண்ட் ரோல் | ஏப்ரல் 2013 | 2008 | 11 | 1 |
| ஒன் மோர் டைம் | அக்டோபர் 2023 | 2011 | 17 | 1 |

## நெய்பர்ஹூட்ஸ்: ஒரே உறையில் மூன்று வீடுகள்

2005 பிப்ரவரியில் பிளிங்க்-182 காலவரையின்றி ஓய்வெடுப்பதாக அறிவித்தபோது, கிட்டார் வாசித்துப் பாடும் டாம் டிலாங்குக்கும், பேஸ் வாசித்துப் பாடும் மார்க் ஹாப்பஸுக்கும் இடையே பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருந்தது. டிலாங் 'ஏஞ்சல்ஸ் அண்ட் ஏர்வேவ்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்; ஹாப்பஸும் டிரம்ஸ் கலைஞர் டிராவிஸ் பார்க்கரும் வேறு குழுவாகப் பிரிந்தனர். 2008 ஆகஸ்டில் அவர்களுடைய புகழ்பெற்ற ஆல்பங்களின் தயாரிப்பாளர் ஜெர்ரி ஃபின் இறந்தார். அடுத்த மாதமே தென் கரோலினாவில் பார்க்கர் ஏறிய சிறு விமானம் மேலெழ முயன்று ஓடுபாதையைத் தாண்டி ஓடி விபத்துக்குள்ளாகி நால்வர் உயிரிழந்தனர். பார்க்கர் கடும் தீக்காயங்களோடு பிழைத்தார். அந்தச் செய்திதான் டிலாங்கைத் திரும்பப் பேசவைத்தது. 2009 பிப்ரவரியில் கிராமி இசை விருது மேடையில் மூவரும் சேர்ந்து நின்று, மீண்டும் கூடிவிட்டதாக அறிவித்தார்கள்.

மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றி உறவினர்கள் கூடுவதைப் போன்ற கூடல் இது. அந்த நேரத்தில் யாரும் பழைய பாகப்பிரிவினையைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேசாததாலேயே அது தீராமல் கிடக்கும். ஆல்பம் உருவான விதத்தில் இது அப்படியே தெரிகிறது. டிலாங் சான் டியாகோவில் தம் ஸ்டுடியோவிலும், மற்றவர்கள் லாஸ் ஏஞ்சலிஸிலுமாக வேலை செய்து, பதிவுகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். வெளியிலிருந்து தயாரிப்பாளர் யாரையும் அமர்த்தாமல் தாங்களே பொறுப்பேற்றார்கள். அதாவது, இருவருக்கும் நடுவே நின்று "இது போதும், இது வேண்டாம்" என்று சொல்ல ஆளில்லை. வேலை இழுத்துக்கொண்டே போனதால் 2011 கோடையின் ஐரோப்பியப் பயணத்தையே தள்ளிவைக்க நேர்ந்தது.

ஒன்பதாவது பாட்டின் பெயர் 'எம்எச் 4.18.2011'. ஒருவரின் பெயர்ச் சுருக்கமும் ஒரு தேதியும்தான் மொத்தப் பெயரும். கணினியில் அவசரமாகச் சேமித்த கோப்பு, பெயர் சூட்டப்படாமலே உறையில் ஏறிவிட்டதைப் போன்ற தோற்றம். இந்த ஆல்பத்தை நான் புரிந்துகொள்ளத் தொடங்கியது அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான்.

ஆனால் இதை ஒதுக்கிவிடலாம் என்று சொல்ல மாட்டேன். 'ஆஃப்டர் மிட்நைட்' பாட்டை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பார்க்கரின் டிரம்ஸ் சீராக நடக்காமல் தடுக்கித் தடுக்கி நடக்கும். அதன்மேல் டிலாங் சரணங்களைத் தம் மூக்கொலிக் குரலில் பாடுவார். பல்லவியில் ஹாப்பஸ் தணிந்த குரலில் நுழைவார். இருவரும் வெவ்வேறு ஊரில் இருக்கிறார்கள் என்பது கேட்கும்போதே தெரிகிறது, பாட்டின் துயரமும் அதுதான். தொடக்கப் பாட்டான 'கோஸ்ட் ஆன் தி டான்ஸ் ஃப்ளோர்', இறந்தவர் ஒருவரின் நினைவு பாட்டு கேட்கும்போது வந்து நிற்பதைப் பற்றியது. இப்படி இருள் படிந்த பாடல்களை இந்தக் குழுவிடமிருந்து 2003க்கு முன்பு யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மறைமுகச் செலவு இங்கே பதிப்பில் இருக்கிறது. சாதாரணப் பதிப்பில் பத்துப் பாடல்களே உள்ளன. 'ஈவன் இஃப் ஷி ஃபால்ஸ்' போன்ற, பழைய குதூகலம் எட்டிப்பார்க்கும் பாட்டு டீலக்ஸ் பதிப்பில்தான் உண்டு. வாங்குவதென்றால் டீலக்ஸையே வாங்க வேண்டும். இரவில் தனியாக, சொற்களைவிட ஒலியை ஊன்றிக் கேட்பவருக்கு இது ஏற்றது. கல்லூரி விடுதியில் கத்திப் பாடிய நாள்களைத் திரும்பப் பெற விரும்புபவருக்கு ஏற்றதல்ல.

## ஒன் மோர் டைம்: பேசித் தீர்த்தபின் பாடியது

முதல் கூடல் நிலைக்கவில்லை. 2015 தொடக்கத்தில் டிலாங் மறுபடியும் விலகினார். அவர் இடத்தில் 'ஆல்கலைன் ட்ரியோ' குழுவின் பாடகர் மேட் ஸ்கீபா வந்து சேர, 2016இலும் 2019இலும் இரண்டு ஆல்பங்கள் வெளியாயின. அவை மோசமானவை அல்ல. 2016இன் 'கலிஃபோர்னியா' தரவரிசையில் முதலிடத்தையே பிடித்தது. ஆனால் இந்தக் கட்டுரைக்குரிய அணி அது அல்ல. 2021இல் ஹாப்பஸுக்கு லிம்ஃபோமா என்னும் புற்றுநோய் நான்காம் கட்டத்தில் இருப்பது தெரியவந்தது. சிகிச்சைக் காலத்தில் டிலாங்கும் பார்க்கரும் அவரைச் சந்தித்துப் பேசினார்கள். 2022 அக்டோபரில் டிலாங் திரும்பியதை 'எட்ஜிங்' என்ற பாட்டோடு அறிவித்தார்கள். 2023 ஏப்ரலில் கோச்செல்லா இசை விழாவில் மேடையேறி, அக்டோபர் 20 அன்று ஆல்பத்தை வெளியிட்டார்கள்.

இம்முறை தயாரிப்புப் பொறுப்பைப் பார்க்கரே ஏற்றுக்கொண்டது முக்கியமான வேறுபாடு என்று நினைக்கிறேன். சண்டை எப்போதும் இரண்டு பாடகர்களுக்கு இடையிலானது. மூன்றாமவர் கையில் சுக்கானைக் கொடுத்ததும் படகு ஒரு திசையில் போகிறது. 'நெய்பர்ஹூட்ஸ்' ஆல்பத்தில் ஒருவர் பாடிய பகுதிக்கு மற்றவர் பதில் எழுதி அனுப்பியதைப் போல இருக்கும். இங்கே ஒருவர் வரியை முடிப்பதற்குள் மற்றவர் பிடித்துக்கொள்கிறார். 'ஆன்தம் பார்ட் 3' என்ற முதல் பாட்டில் இது முழு வேகத்தில் நடக்கிறது. 1999ஆம் ஆண்டு ஆல்பத்தை முடித்துவைத்த பாட்டுக்கும், 2001ஆம் ஆண்டு ஆல்பத்தைத் தொடங்கிவைத்த பாட்டுக்கும் தொடர்ச்சி இது.

தலைப்புப் பாட்டு வேறு வகை. மெதுவான கிட்டார், ஏறக்குறைய பேச்சுக் குரல். நாம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கு நோயும் விமானங்கள் விழுவதும்தான் காரணமாக வேண்டியிருந்ததா என்று தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். முதல் கூடலின்போது பேசாமல் விட்டதை, பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பாட்டாகவே பேசிவிடுகிறார்கள். உணர்ச்சிவசப்படுத்துவதற்காகக் கணக்குப்போட்டு எழுதியது என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டை முழுமையாக மறுக்க மாட்டேன். ஆயினும் முன்கதை தெரிந்த எவராலும் அதை அசையாமல் கேட்க முடியும் என்று தோன்றவில்லை.

குறை என்னவென்றால், பதினேழு என்பது அதிகம். இரண்டொரு பாடல்கள் அரை நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும் வேடிக்கைத் துணுக்குகள். ஐம்பதை ஒட்டிய வயதில் இருப்பவர்கள் பதினெட்டு வயதின் கெட்ட வார்த்தை நகைச்சுவையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது முதல்முறை சிரிப்பைத் தரும், ஐந்தாம் முறை விரல் தானாகவே அடுத்த பாட்டுக்குத் தாவும். ஒலிக்கலவையும் தொடக்கம் முதல் இறுதிவரை உச்சத்திலேயே அழுத்தப்பட்டிருப்பதால், ஒரே மூச்சில் முழுவதையும் கேட்டால் காது களைத்துவிடுகிறது. எல்பி இசைத்தட்டில் கேட்பவருக்குப் பக்கம் திருப்ப எழுந்திருப்பதே இங்கு இளைப்பாறலாக அமைகிறது.

மறைமுகச் செலவுகள் இரண்டு. 2024 செப்டம்பரில் எட்டுக் கூடுதல் பாடல்களோடு இரண்டாம் பகுதி வந்தது. முதல் பதிப்பை உடனே வாங்கியவர்கள் மறுபடியும் செலவழிக்க நேர்ந்தது. அடுத்தது, இந்த ஆல்பத்தின் பாதிச் சுவை பழையவற்றைக் குறிப்பால் உணர்த்துவதில் இருக்கிறது. 1999, 2001, 2003 ஆண்டுகளின் மூன்று ஆல்பங்களையும் கேட்டிராதவருக்கு அந்தப் பாதி கிடைக்காது. அவற்றைக் கேட்டு வளர்ந்தவருக்கு, நான்கில் முதல் பரிந்துரை இதுவே. மொழி காரணமாகச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக் கூடத்தில் ஒலிக்கவிட வேண்டாம்.

## சேவ் ராக் அண்ட் ரோல்: பழையதைத் திரும்பிப் பாராதது

சிகாகோவின் புறநகரில் உருவான ஃபால் அவுட் பாய் பிரிந்ததற்குப் பகைமை பெரிய காரணம் அல்ல, களைப்புதான். 2008இன் 'ஃபோலி ஆ தூ' ஆல்பத்தின் புதிய பாடல்களை மேடையில் பாடியபோது ரசிகர்களே எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். 2009 இறுதியில் ஓய்வை அறிவித்துவிட்டு அவரவர் வழியில் போனார்கள். பாடகர் பேட்ரிக் ஸ்டம்ப் 2011இல் தனி ஆல்பம் ஒன்றைத் தந்தார். பாடல் வரிகளை எழுதும் பீட் வென்ட்ஸோடு அவர் மீண்டும் உட்கார்ந்தபோது முதலில் எழுதியவை எதுவும் தேறவில்லை. கிட்டார் கலைஞர் ஜோ ட்ரோமன், திரும்பி வருவதென்றால் பாட்டு உருவாக்குவதில் தமக்கும் பங்கு வேண்டும் என்று வலியுறுத்தினார். இவ்வளவும் வெளியே தெரியாமல் நடந்தது. தயாரிப்பாளர் புட்ச் வாக்கரோடு ரகசியமாகப் பதிவை முடித்துவிட்டு, 2013 பிப்ரவரி 4 அன்று புதிய பாட்டு, ஆல்பம், சுற்றுப்பயணம் மூன்றையும் ஒன்றாக அறிவித்தார்கள்.

நிபந்தனைகளை முதலில் பேசிக்கொண்டு பிறகு வேலையில் இறங்கியதன் பலன் ஆல்பத்தின் துணிவில் தெரிகிறது. பழைய பாப் பங்க் கிட்டார் இரைச்சல் இதில் மிகக் குறைவு. கைதட்டலும் கூட்டுக் குரலும் விளையாட்டரங்கை நிரப்பும் தாளமும்தான் அதன் இடத்தில் இருக்கின்றன. 'மை சாங்ஸ் நோ வாட் யு டிட் இன் தி டார்க்' என்ற பாட்டைப் பெயரளவில் அறியாதவர்களும், ஏதோ ஒரு விளையாட்டு ஒளிபரப்பின் இடைவேளையில் அதன் பல்லவியைக் கேட்டிருப்பார்கள். தலைப்புப் பாட்டில் எல்டன் ஜானும், வேறொன்றில் ராக் பாடகி கோர்ட்னி லவ்வும், இன்னொன்றில் ராப் பாடகர் பிக் ஷானும் வந்துபோகிறார்கள். விருந்தாளிகள் சற்று அதிகம்தான். பிக் ஷானின் பகுதி எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை.

அட்டைப் படத்தைப் பற்றி ஒரு சொல். பர்மாவில் எடுத்த ஒரு புகைப்படம் அது: தோளோடு தோள் நிற்கும் இரண்டு சிறுவர்களில் ஒருவன் பிக்குவின் ஆடையில் இருக்கிறான், மற்றவன் புகைபிடிக்கிறான். எல்பி அளவில் பார்த்தால்தான் அந்தப் பையன்களின் முகபாவம் பிடிபடும்.

முன்கதை எதுவும் தெரியாதவருக்கு நான்கில் மிக எளிதாகத் திறக்கும் கதவு இது. பதினொரு பாடல்கள், நாற்பது நிமிடம் சொச்சம், இடையில் தொய்வு இல்லை. எச்சரிக்கை ஒன்று உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் காணொளி எடுத்து 'தி யங் ப்ளட் கிரானிக்கிள்ஸ்' என்ற தொடராகவே வெளியிட்டார்கள். பாடகரின் கை துண்டிக்கப்படுவது உட்பட ரத்தம் தெறிக்கும் காட்சிகள் அதில் நிறைய. பிள்ளைகள் பாட்டைக் கேட்கலாம், காணொளியைத் தனியே விட்டுப் பார்க்கவிடாதீர்கள். 2005ஆம் ஆண்டின் ஃபால் அவுட் பாயைத் தேடிப் போகிறவர் இந்த ஆல்பத்தில் ஏமாற்றமடைவார். அவருக்கு அதே 2013இன் அக்டோபரில் வந்த 'பாக்ஸ் ஆம் டேஸ்' என்ற எட்டுப் பாட்டுச் சிறு தொகுப்பே பொருத்தம். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சுத்தமான பங்க் இரைச்சல் அது.

## புஷ் அண்ட் ஷவ்: தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது

நோ டவுட் ஒருபோதும் முறைப்படி கலைந்த குழு அல்ல. க்வென் ஸ்டெஃபானி 2004இல் தொடங்கிய தனிப்பயணம் உயரே போய்விட்டதால் மற்ற மூவரும் காத்திருக்க நேர்ந்தது. 2009இல் புதிய பாட்டு ஒன்றும் இல்லாமலே சுற்றுப்பயணம் போனார்கள். மேடையேறினால் எழுத வரும் என்பது எண்ணம். எழுத வந்தது, ஆனால் மெதுவாக. 2001க்குப் பின் பதினொரு ஆண்டு கழித்துத்தான் ஆல்பம் வெளிவந்தது. பேஸ் கலைஞர் டோனி கனால் இந்தியப் பெற்றோரின் மகன் என்பதும், 'டோன்ட் ஸ்பீக்' பாட்டு அவருக்கும் ஸ்டெஃபானிக்கும் இடையிலான காதல் முறிவிலிருந்து பிறந்தது என்பதும் பலருக்குத் தெரிந்ததே. அப்படிப்பட்ட முறிவையும் கடந்து ஒன்றாக வாசிக்கும் குழு என்பதால் இவர்களிடம் பகை இல்லை. பசியும் இல்லை என்பதே குறை.

'செட்டில் டவுன்' என்ற முதல் பாட்டு ஆறு நிமிடம் ஓடுகிறது. அதன் இறுதிப் பகுதியில் பேஸும் எதிரொலியும் மட்டும் மிஞ்சி ஜமைக்காவின் டப் இசைக்குள் கரையும் இடம் அருமையானது. அடுத்தடுத்த பாடல்களில் ஒலி அவ்வளவு வழுவழுப்பாக இருப்பதால் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதே தெரிவதில்லை. 'லுக்கிங் ஹாட்' பாட்டின் காணொளி அமெரிக்கப் பூர்வகுடியினரைக் கேலிச்சித்திரமாக்கியது என்ற எதிர்ப்பு எழுந்ததும், மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே அரங்கில் ஏழு நிகழ்ச்சிகள் நடத்தியதோடு சரி, ஆல்பத்துக்கான பெரிய சுற்றுப்பயணம் நடக்கவில்லை. ரெக்கே, ஸ்கா போன்ற ஜமைக்கத் தாளங்களில் பிடிப்புள்ளவர், வேலை செய்துகொண்டே பின்னணியில் ஏதேனும் ஓட வேண்டும் என்று நினைப்பவர் இதை எடுக்கலாம். காசு கொடுத்து வாங்கும் ஒரே ஆல்பமாக இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## எல்பியா, சிடியா, சந்தாவா

இறக்குமதி எல்பி ஒன்றின் விலையில் இசைச் செயலிக்குப் பல மாதச் சந்தா கட்டிவிடலாம் என்பதால், முதலில் செயலியில் முழுவதையும் ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்மானிப்பதே முறை. அப்போது பதிப்பைக் கவனியுங்கள். டீலக்ஸ் 'நெய்பர்ஹூட்ஸ்' பதிப்பில் கூடுதல் பாடல்கள் நடுவிலும் செருகப்பட்டிருக்கின்றன. ஆகவே வரிசை மாறி, ஆல்பத்தின் ஓட்டமே வேறாகத் தோன்றும். எல்பி வாங்கத்தக்கது என்று நான் கருதுவது அட்டைக்காகவும் அளவான நீளத்துக்காகவும் 'சேவ் ராக் அண்ட் ரோல்' ஒன்றைத்தான். 'ஒன் மோர் டைம்' ஆல்பத்தைச் சிடியிலோ செயலியிலோ கேட்டு, துணுக்குகளை நீக்கி உங்களுக்கான பன்னிரண்டு பாட்டு வரிசை ஒன்றைத் தொகுத்துக்கொண்டால், குழு செய்யாமல் விட்ட வெட்டும் வேலையை நீங்கள் செய்துமுடித்ததாகும்.

பிளிங்க்-182இன் இரண்டையும் கேட்க நேரம் இருப்பவர், வந்த வரிசையிலேயே கேட்க வேண்டும். 'ஆஃப்டர் மிட்நைட்' பாட்டில் இரண்டு ஊர்களிலிருந்து பாடிய அதே இருவர்தான் 'ஆன்தம் பார்ட் 3'இல் ஒருவர் வரியை மற்றவர் பறித்துக்கொண்டு பாடுகிறார்கள் என்பது, முன்னதைக் கேட்டவருக்கு மட்டுமே உறைக்கும்.